பேஸ்பால் மைதானத்தில் பனி ஹாக்கி

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

ஹாக்கி என்றதும் நம் பள்ளித் தோழியருக்கு மாலை வேளையில் புழுதி பறக்கும் மைதானமும், முழங்காலில் சிராய்ப்பும், விளையாட்டு ஆசிரியையின் விசில் ஒலியுமே நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படியில்லை. பனிக்கட்டித் தளத்தின் மேல், கத்தி போன்ற தகடு பொருத்திய காலணிகளை அணிந்து சறுக்கிக்கொண்டே ஆடும் ஆட்டத்தைத்தான் அவர்கள் வெறுமனே 'ஹாக்கி' என்கிறார்கள். நாம் ஆடுவதற்கு 'ஃபீல்டு ஹாக்கி' என்று தனியாக ஓர் அடைமொழி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்டத்துக்கு அடைமொழியா என்று எங்களுக்குச் சற்று மனத்தாங்கலாகவே இருந்தது. ஆயினும் 2023-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள், பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் என்னும் பேஸ்பால் மைதானத்தில், திறந்த வானத்தின் கீழே நடந்த பனி ஹாக்கி ஆட்டத்தைக் கண்ட பிறகு அந்த மனத்தாங்கல் பாதி குறைந்துவிட்டது.

நாங்கள் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் சித்தப்பா பாஸ்டனுக்கு அருகில் வசிக்கிறார். ஆச்சியைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "ஒத்தையில ஏரோப்பிளான்ல ஏற மாட்டேன்" என்று ஆச்சி ஒரே பிடிவாதமாக இருந்ததால், எங்கள் அனைவருக்குமே சித்தப்பா பயணச்சீட்டு எடுத்து அனுப்பினார். ஆச்சியின் பிடிவாதத்துக்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்! பள்ளி திறந்த பின்னும் சில நாட்கள் விடுப்பு அளித்த தலைமைச் சகோதரியாருக்கும் அப்படியே. விமானப் பயணத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதற்கே இம்மலரில் நான்கு பக்கம் வேண்டும் என்பதால் அதை விட்டுவிடுகிறோம்.

இரண்டு பேரைப் பற்றி மட்டும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். ஒருவர் எங்கள் அப்பா. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஐஸ் கம்பெனியில் அவர் மெக்கானிக். கடலுக்குப் போகும் படகுகளுக்கு அங்கிருந்துதான் ஐஸ் போகிறது. இருபது ஆண்டுகளாக ஐஸோடு வாழ்கிறவர் ஆதலால், அமெரிக்காவில் வானளாவிய கட்டடங்களைக் கண்டு வியக்காதவர், சித்தப்பா வீட்டு வாசலில் உறைந்து கிடந்த பனியைக் குனிந்து தொட்டுப் பார்த்து, "இது காத்து அடைச்ச ஐஸ், நிக்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மற்றவள் சித்தப்பாவின் மகள், எங்கள் தங்கை. அப்போது பதினொரு வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேச மட்டும் கூச்சம். முதல் வாரம் முழுவதும் எங்களுக்கும் அவளுக்கும் இடையே 'சாப்பிட்டியா' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அவள் அறையின் மூலையில் பெரிய மெத்தைகள் போன்ற இரண்டு கால் கவசங்களும், கூண்டு போல் கம்பி வைத்த ஒரு முகமூடியும் இருந்தன. அவள் சிறுமியர் பனி ஹாக்கிக் குழுவில் கோல் கீப்பராம்! முந்தைய ஆண்டு ஆட்டத்தில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தாளாம். எலும்பு கூடிவிட்டது. ஆனால் சித்தியின் மனம் ஆறவில்லை. மார்ச் மாதத்தில் அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்ப்பார்கள். அதற்குப் பெற்றோர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அந்தத் தாள் சமையலறைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு, கையெழுத்து இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வழியாகப் போகும்போதெல்லாம் தங்கை அதைப் பார்ப்பாள்; சித்தி பார்க்கமாட்டார்.

இந்த நிலையில் சித்தப்பாவின் அலுவலகத்தில் ஆறு பேருக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. தம்பிக்குச் சளி பிடித்திருந்ததால் அம்மாவும் அவனும் வீட்டில் தங்கிவிட்டார்கள். "எனக்கு ஹாக்கியே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே சித்தியும் கிளம்பினார், ஆச்சிக்குத் துணையாக.

'விண்டர் கிளாசிக்' என்பது இந்த ஆட்டத்தின் பெயர். 1917-இல் தோன்றிய தேசிய ஹாக்கி லீக் என்னும் தொழில்முறை அமைப்பில் இன்று 32 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. அத்தனையும் கூரை வேய்ந்த அரங்குகளில்தான். ஆனால் இந்த விளையாட்டு பிறந்தது கூரைக்குக் கீழே அல்ல; உறைந்த ஏரிகளிலும் குளங்களிலும். அந்தப் பழைய நினைவுக்காகப் புத்தாண்டையொட்டி ஓர் ஆட்டத்தை வெளியில் நடத்துகிறார்கள். காட்சி ஆட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். வெற்றி பெற்றால் புள்ளி உண்டு, தோற்றால் போச்சு.

முதல் விண்டர் கிளாசிக் 2008-ஆம் ஆண்டு பஃபலோ நகரில், கொட்டும் பனியில், அமெரிக்கக் கால்பந்து மைதானம் ஒன்றில் நடந்தது. மறு ஆண்டு சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு என்ற பழம்பெரும் பேஸ்பால் மைதானத்துக்குப் போனது. 2010-இல் இதே ஃபென்வே பார்க்கில் நடந்து, 13 ஆண்டுகள் கழித்து மீண்டும் இங்கே வந்திருந்தது. பேஸ்பால் கோடையில் ஆடும் ஆட்டம். குளிர்காலத்தில் அம்மைதானங்கள் பூட்டித்தான் கிடக்கும். ஊரிலேயே மக்கள் மிகவும் நேசிக்கும் இடம் சும்மா கிடக்கும்போது பயன்படுத்திக்கொள்வது கெட்டிக்காரத்தனந்தானே!

ஆட்டத்துக்கு முந்தைய இரவு, சாப்பாட்டு மேசையில் ஆச்சி கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கே அடிப்படை. "ஏலே, பட்டப்பகல்ல, தெறந்த வெளியில ஐஸப் போட்டு வச்சா, சூரியன் வந்தா உருகிராதா?" என்றார் சித்தப்பாவிடம். "அதெல்லாம் மெஷின் வச்சிருக்காங்கம்மா" என்று சித்தப்பா முடித்துவிடப் பார்த்தார். அப்பா விடவில்லை. "என்ன மெஷின்? எத்தன டன்னு?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அதிசயம் நிகழ்ந்தது. ஒரு வாரமாக வாய் திறவாதிருந்த தங்கை, "முந்நூறு டன், பெரியப்பா" என்றாள்.

அதன் பின் அவர்கள் இருவரும் பேசிய பேச்சு இரவு பதினொரு மணி வரை ஓயவில்லை. அவள் பாதி ஆங்கிலத்தில் சொல்ல, அப்பா முழுத் தமிழில் கேட்க, இடையில் நாங்கள் மொழிபெயர்க்க, நாங்கள் அறிந்துகொண்டது இதுதான்.

பனித்தளத்தின் அளவு 200 அடி நீளம், 85 அடி அகலம். பேஸ்பால் மைதானத்தின் தரை, மழைநீர் வடிவதற்காக நடுவில் சற்று மேடாக இருக்கும். எனவே முதலில் புல்லின் மேல் ஒரு மேடை அமைத்து மட்டம் பார்க்கிறார்கள். மேடையின் மேல் அலுமினியத் தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி விரிக்கிறார்கள். மைதானத்துக்கு வெளியே 53 அடி நீளமுள்ள ஒரு பெரிய டிரெய்லர் நிற்கும். அதற்குள்தான் குளிரூட்டும் இயந்திரம். அங்கிருந்து கிளைக்கால் கலந்த குளிர்ந்த திரவம் குழாய்கள் வழியே வந்து, அலுமினியத் தட்டுகளுக்குள் ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். "நம்ம கம்பெனியில உப்புத் தண்ணிதான் இந்த வேலையச் செய்யுது. அவங்க கிளைக்கால் விடுறாங்க. தொழில் ஒண்ணுதான்" என்றார் அப்பா, மிகுந்த திருப்தியுடன்.

'முந்நூறு டன்' என்பது இயந்திரத்தின் எடை என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். அப்பா விளக்கினார். உறைநிலையில் உள்ள ஒரு டன் தண்ணீரை 24 மணி நேரத்தில் பனிக்கட்டியாக்கும் குளிர்ச்சித் திறனுக்கு 'ஒரு டன்' என்று பெயராம். பனிக்கட்டியை வைத்தே வீட்டையும் பொருளையும் குளிர வைத்த பழைய காலத்திலிருந்து வந்த கணக்காம் அது. வீட்டுக்கு வாங்கும் ஏ.சி.யையும் ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அதுவும் இதே கணக்குத்தான்! இதை இயற்பியல் பாடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில்தான் கற்றுக்கொண்டோம்.

தளத்துக்குத் தேவையான தண்ணீர் ஏறக்குறைய 20,000 காலன். அப்பா பேப்பரில் பெருக்கிப் பார்த்து, "எழுபத்தஞ்சாயிரம் லிட்டர். நம்ம அம்பது கிலோ பார் கணக்குல ஆயிரத்தைந்நூறு பார்" என்றார். உடனே அவருக்கு ஒரு சந்தேகம். "முந்நூறு டன் மெஷின் இருந்தா இத ஒரு பொழுதுக்குள்ள உறைய வச்சிரலாமே. எதுக்குப் பத்துப் பன்னெண்டு நாள் ஆகுது?" தங்கை சிரித்தாள். "ஒரேயடியா ஊத்தக் கூடாது, பெரியப்பா. ஸ்ப்ரே பண்ணணும்." தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து, ஒரு படலம் உறைந்த பின் அதன் மேல் அடுத்த படலம் என்று இரவு இரவாக ஏற்றி, 2 அங்குலக் கனம் வரச் செய்கிறார்களாம். மொத்தமாக ஊற்றினால் காற்றுக் குமிழி அடைபட்டு, ஐஸ் வலுவின்றிப் போகும். நடுவில் வெள்ளைச் சாயம் தெளித்து, சிவப்பு, நீலக் கோடுகள் போட்டு, அவற்றின் மேலும் தண்ணீர் தெளித்து மூடுகிறார்கள்.

ஆச்சியின் கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை அல்லவா? குளிர்காலக் காற்றைவிட வெயில்தான் பனித்தளத்துக்குப் பெரிய பகை. வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். சிவப்பும் நீலமும் வெப்பத்தை உறிஞ்சும். ஆதலால் கோடுகள் உள்ள இடந்தான் முதலில் இளகும். பகல் முழுவதும் ஒளியைத் திருப்பி அனுப்பும் போர்வைகளால் தளத்தை மூடி வைப்பது அதற்காகத்தான். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டாஹோ ஏரிக்கரையில் நடந்த ஆட்டத்தில் வெயில் வென்றுவிட்டது. முதல் பகுதி முடிவதற்குள் தளம் குழிகுழியாகி, ஆட்டத்தை நிறுத்தி, எட்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, இரவில் தொடர்ந்தார்களாம். ஆனால் 2014-இல் பனியே விழாத லாஸ் ஏஞ்சலஸ் நகரில், டாட்ஜர் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தில், இரவு ஆட்டமாக வைத்து வெற்றிகரமாக நடத்தியிருக்கிறார்கள். குளிர் மிகுந்தாலும் தொல்லைதான். 2003-இல் கனடாவின் எட்மன்டனில் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி வரை போனபோது ஐஸ் கண்ணாடி போல் பொடிந்ததாம். மான்ட்ரியல் அணியின் கோல் கீப்பர் முகமூடிக்கு மேலே கம்பளிக் குல்லா அணிந்து ஆடினாராம்! தளம் மிகவும் இறுகிப்போனால் அதே இயந்திரம் கொஞ்சம் வெதுவெதுப்பையும் அனுப்புமாம். பூச்சியத்துக்குக் கீழே ஐந்து, ஆறு டிகிரியில் தளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே குறி.

"ஐஸ கட்டிக் காக்கதுக்கு இம்புட்டுப் பாடா!" என்று ஆச்சி எழுந்து படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கினோம். கருப்பும் பொன்னிறமும் அணிந்த பாஸ்டன் புரூயின்ஸ் ரசிகர்கள் கடலலை போல் நடந்துகொண்டிருந்தார்கள். எதிரணியான பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ரசிகர்களும் இடையிடையே இருந்தார்கள். சண்டை சச்சரவு இல்லை. பெயரைக் கேட்டு, "கரடிக்கும் பெங்குவினுக்கும் போட்டியா? கரடிதான் ஜெயிக்கும்" என்று ஆச்சி சோதிடம் சொன்னார்.

ஃபென்வே பார்க் 1912-இல் திறக்கப்பட்டது. அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பால் மைதானங்களில் இன்றும் புழங்குவனவற்றுள் இதுவே மிகப் பழமையானது. இடப்பக்கம் 37 அடி உயரத்துக்குப் பச்சை வண்ணம் பூசிய மதில் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. 'பச்சை அரக்கன்' என்று அதற்குச் செல்லப்பெயர். அதன் அடியில் இருக்கும் புள்ளிப் பலகையில் இன்னமும் கையால்தான் எண்களை மாட்டுகிறார்கள். அந்தப் பச்சைச் சுவருக்கு முன்னே வெள்ளை வெளேரென்று ஒரு பனித்தளம்! வாழை இலையில் உப்புக் குவித்தது போல் இருந்தது. கண்கொள்ளாக் காட்சி என்பார்களே, அது இதுதான். புரூயின்ஸ் வீரர்கள் பழங்காலப் பேஸ்பால் உடை அணிந்து மைதானத்துக்கு வந்தார்களாம். நாங்கள் அதைப் படத்தில்தான் பார்த்தோம்.

உண்மையை மறைப்பானேன்? ஆட்டத்தைப் பார்ப்பதற்கு அது சிறந்த இடம் அல்ல. பேஸ்பாலுக்காகக் கட்டிய இருக்கைகள் பனித்தளத்திலிருந்து வெகுதொலைவில் இருக்கின்றன. தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகை அருகுப் பக்கத்தை மறைக்கிறது. 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் மட்டுமே உள்ளது. துள்ளாதிருக்க அதையும் முன்கூட்டியே உறைய வைத்துவிடுகிறார்கள். கருப்பு மிளகு போன்ற அந்த வட்டைத் தேடித் தேடிக் கண் பூத்துப் போய், பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஓசை! தகடுகள் ஐஸைக் கீறும் ஓசையும், வட்டு பலகையில் மோதும் ஓசையும், 39,000 பேரின் ஆரவாரமும் கூரையில்லாத வானத்தில் கலந்து எழுந்தபோது எங்கள் மேனி சிலிர்த்தது.

ஆட்டம் இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். கோல் கீப்பரைச் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள். இரண்டு மணிக்குத் தொடங்கியது. வெப்பம் உறைநிலைக்கு மேலேதான் இருந்தது, ஐஸ் தாங்கியது. அப்பா அடிக்கடி எழுந்து நின்று ஐஸின் நிறத்தைப் பார்த்தார். "மேல தண்ணி நிக்கலை. கெட்டிக்காரப் பயலுவ" என்றார். யார் கோல் போட்டார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் பகுதியில் கோல் இல்லை. ஆனால் பிட்ஸ்பர்க் அணியின் கோல் கீப்பர் டிரிஸ்டன் ஜாரி காயமுற்று ஆட்டத்திலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக கேசி டெஸ்மித் வந்து நின்றார். கோல் கீப்பருக்கே காயம்! நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சித்தியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் ஆச்சியின் போர்வையைச் சரி செய்தார்.

இடைவேளையில் சாம்போனி என்ற வண்டி வந்து, கீறல் விழுந்த தளத்தைச் சீவி, வெந்நீர் பூசி, கண்ணாடி போலாக்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சித்தி பேசினார். ஆட்டத்துக்கு முன் நடந்த சடங்குக்குப் பாபி ஓர் என்னும் பழைய வீரர் வந்திருந்தார். பாஸ்டன்காரர்களுக்கு அவர் தெய்வம் மாதிரி. "அவர் எப்போது விளையாட்டை விட்டார் தெரியுமா? முப்பது வயதில். முழங்கால் போய்விட்டது" என்றார் சித்தி. பிறகு சற்று நேரம் கழித்து இன்னொன்று சொன்னார். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், இந்நகருக்கு அருகிலுள்ள ஃபாக்ஸ்பரோவில், விண்டர் கிளாசிக்கை ஒட்டிப் பெண்களுக்கும் ஒரு வெளியாட்டம் வைத்தார்கள். பாஸ்டன் அணிக்கு ஆடிய டென்னா லெய்ங் என்ற இளம்பெண் தடுப்புப் பலகையில் மோதி விழுந்தார். முதுகுத்தண்டில் பலத்த அடி. அதன் பின் அவர் சக்கர நாற்காலியில்தான். "அந்தப் பெண்ணையும் ஒரு தாய்தானே பெற்றிருப்பாள்" என்றபோது சித்தியின் குரல் கம்மியது. சாதாரணமாக எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லும் ஆச்சிகூட அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்றே எண்ணினோம். அவள் அப்படிச் செய்யவில்லை. "தெரியும்மா" என்றாள். "அடுத்த ஏப்ரல்லயே அவங்க பாஸ்டன் மாரத்தான்ல போனாங்க. பாபி கார்ப்பென்டர்னு ஒரு பழைய ஹாக்கிக்காரர் சேரைத் தள்ளிட்டு ஓடினார்." அதற்கு மேல் வாதாடவில்லை. சிறிது நேரம் தளத்தையே பார்த்திருந்துவிட்டு, எங்களிடம் மெதுவாக, "2010-ல இதே எடத்துல கேர்ள்ஸ் விளையாடியிருக்காங்க, அக்கா. நியூ ஹாம்ப்ஷயர் காலேஜ் டீம், நார்த்ஈஸ்டர்ன் காலேஜ் டீம். அஞ்சுக்கு மூணு" என்றாள். அவள் பிறப்பதற்கும் முன்பு நடந்த ஆட்டத்தின் கோல் கணக்கை அவள் நினைவில் வைத்திருந்தாள்! நம்மில் எத்தனை பேருக்குச் சென்ற ஆண்டு நம் பள்ளி அணி ஆடிய ஆட்டத்தின் கோல் கணக்கு நினைவிருக்கிறது?

இரண்டாம் பகுதியில் கப்பானென் என்ற வீரர் பிட்ஸ்பர்க்குக்கு ஒரு கோல் அடித்தார். ஆச்சியின் கரடி பின்தங்கியது. மூன்றாம் பகுதி தொடங்கியபோது பொழுது சாய்ந்து, மைதானத்தின் விளக்குகள் எரிந்தன. அங்கே ஜனவரியில் நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. வெயில் போனதும் ஐஸின் நிறமே மாறிற்று. நீலம் பாய்ந்தது போல் ஆனது. "இப்பத்தான் ஐஸு ஐஸா இருக்கு" என்றார் அப்பா.

ஏழாவது நிமிடம் கடந்து, எட்டாவது முடிவதற்குள் ஜேக் டெப்ரஸ்க் என்ற புரூயின்ஸ் வீரர் வட்டை வலைக்குள் தள்ளினார். ஒன்றுக்கு ஒன்று! எங்கள் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் ஆச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆச்சியும் தயங்காமல் குலுக்கினார். ஆட்டம் முடிய இரண்டரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில் அதே டெப்ரஸ்க் இரண்டாவது கோலும் அடித்துவிட்டார். சித்தப்பா இருக்கையின் மேலேயே ஏறிவிட்டார். கடைசி விநாடியில் பிட்ஸ்பர்க் வீரர்கள் பாய்ந்து வந்து வட்டை உள்ளே தள்ளியபோது எங்களுக்கு மூச்சே நின்றது. நேரம் அதற்குள் முடிந்திருந்தது. நேரம் முடிந்ததும் கோலுக்குப் பின்னே பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்த பிறகு கோலுக்கான சிவப்பு விளக்கு எரியாது. தங்கை அந்த விளக்கைத்தான் பார்த்திருக்கிறாள். நாங்கள் பதறிக்கொண்டிருக்கும்போதே அவள் மட்டும், "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு!" என்று குதித்தாள். பாஸ்டன் 2, பிட்ஸ்பர்க் 1.

கதை அத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இரண்டு நாள் கழித்து டெப்ரஸ்க்கைப் பற்றிய செய்தி வந்தது. அந்த ஆட்டத்தில் அவருடைய கையில் காயம். காலில் எலும்பு முறிவு. பல வாரங்கள் ஆட முடியாதாம். இரண்டு கோல் அடித்து வெற்றி தேடித் தந்தவருக்கு அதே ஆட்டத்தில் எலும்பு முறிந்திருக்கிறது! சித்தப்பா அதை வீரம் என்றார். சித்தி அதைப் பைத்தியக்காரத்தனம் என்றார். நாங்கள் யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று யோசித்தாலும் இரண்டும் உண்மையாகவே தோன்றுகிறது.

அன்று இரவு சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சித்தியிடம் அப்பா பேசினார். எங்கள் அப்பா அதிகம் பேசாதவர். தம்பி மனைவியிடம் இன்னும் குறைவாகவே பேசுவார். "ஒண்ணு சொல்லட்டுமாம்மா? ஐஸ் கம்பெனில வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பார் என் கால்ல விழுந்துச்சு. ரெண்டு வெரலு நசுங்கிப் போச்சு. எங்க அம்மா வேலைக்கே போகாதேன்னாங்க. நான் போனேன். அம்மா சொன்னதும் தப்பில்ல. நான் போனதும் தப்பில்ல" என்றார். அவ்வளவுதான். ஆச்சி முன்னறையிலிருந்து, "நான் சொன்னதக் கேட்டிருந்தா அவனுக்குப் பத்து வெரலும் ஒழுங்கா இருந்திருக்கும்" என்றார். சித்தி சிரித்துவிட்டார். தாளில் மட்டும் கையெழுத்திடவில்லை.

நாங்கள் ஊர் திரும்பிய பின் நடந்தவற்றைத் தொலைபேசியில்தான் அறிந்தோம். அந்தப் பருவத்தில் புரூயின்ஸ் அணி 65 ஆட்டங்களில் வென்று, லீக்கின் வரலாற்றிலேயே இல்லாத சாதனை படைத்தது. பிறகு கோப்பைக்கான முதல் சுற்றிலேயே புளோரிடா அணியிடம் தோற்று வெளியேறிவிட்டது. தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். 2024 ஜனவரியில் பெண்களுக்கென்று புதிய தொழில்முறை ஹாக்கி லீக் தொடங்கியது. அதில் பாஸ்டனுக்கும் ஓர் அணி உண்டு. சித்தப்பா அவளை அந்த ஆட்டங்களுக்கு அழைத்துப் போகிறார்.

அந்தத் தாளில் சித்தி மார்ச் மாதத்தின் கடைசித் தேதியில் கையெழுத்திட்டாராம். இன்று தங்கைக்கு வயது பதினான்கு. இன்னமும் கோல் கீப்பர்தான். பயிற்சி விடியற்காலை ஆறு மணிக்கு. இருளில், பனியில், காரோட்டிக் கொண்டுபோய் விடுவது சித்திதான். ஆனால் ஆட்டம் நடக்கும்போது அவர் உள்ளே போவதில்லை. வெளியே காரில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பாராம். ஞாயிறுதோறும் அவர்கள் தொலைபேசியில் அழைக்கும்போது, வென்றாளா தோற்றாளா என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே ஆச்சி கருவியைப் பிடுங்கிக்கொள்வார்.

"ஏட்டி, பல்லு பூராம் இருக்கா?"

"இருக்கு, ஆச்சி. எண்ணிப் பார்த்துட்டேன்."